அக்காவுக்குத் தம்பி ரத்தம் ஆகாதா?

தெற்குவாடித் தம்பி | மே 9, இரவு 10:40

போன வாரம் நடந்தது. என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம், ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அக்காவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ‘இரண்டு யூனிட் வேண்டும், ஆள் கூட்டிக்கொண்டு ரத்த வங்கிக்குப் போங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகும் கரையில் கிடக்கிறது, நானும் கரையில்தான் கிடக்கிறேன். பாம்பன் பாலத்தைத் தாண்டிப் பறந்து போய் நின்றேன்.

அக்கா பி பாசிட்டிவ். நான் ஓ பாசிட்டிவ். ஓ குரூப் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே, தைரியமாகக் கையை நீட்டினேன். என் ரத்தத்தை எடுத்தார்கள். ஆனால் அதை அக்காவுக்கு ஏற்றவில்லை. குளிர்பெட்டியிலிருந்து யாரோ கொடுத்த பி பாசிட்டிவ் பை இரண்டை எடுத்துக் கொடுத்தார்கள். ‘அப்போ என்னுடையது?’ என்று கேட்டேன். ‘அது வேறு யாருக்காவது போகும்’ என்று பதில்.

அக்கா இப்போது நலமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. ‘கூடப் பிறந்தவன் ரத்தம் சூடாக இருக்க, ஊர் பேர் தெரியாதவன் ரத்தத்தை, அதுவும் ஐஸில் கிடந்ததை, என் பிள்ளைக்கு ஏற்றிவிட்டார்களே’ என்று தினமும் புலம்பல். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடைக்காற்று | மே 9, இரவு 10:58

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? உங்களிடம் சும்மா வாங்கி இன்னொருவருக்குக் காசுக்குக் கொடுப்பார்கள். அக்காவுக்கு ஏற்றிய இரண்டு பைக்கும் பில் போட்டிருப்பார்களே, பார்த்தீர்களா?

தெற்குவாடித் தம்பி | மே 9, இரவு 11:03

போட்டிருக்கிறார்கள் அண்ணே. அதுவும் ஓர் எரிச்சல்.

மூக்கையூர் முரல் | மே 9, இரவு 11:10

நானும் ஓ பாசிட்டிவ்தான். கொசு மட்டும் கிராஸ் மேட்ச் (ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை) எதுவும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது.

சோதனைக்குழாய் | மே 10, காலை 6:15

தம்பி, நான் ரத்த வங்கி டெக்னீஷியன். 17 வருஷம் ஆகிறது. சொந்த ஊர் தேவிபட்டினம். இரவுப் பணி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன், வரும்வரை எழுதுகிறேன்.

சிவப்பணுவின் மேல்தோலில் சின்னச் சின்ன சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் அடிச் சங்கிலி ஒன்றேதான். அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை மாட்டியிருந்தால் ஏ குரூப். இன்னொரு வகை மாட்டியிருந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. நுனியில் எதுவுமே மாட்டாமல் மொட்டையாக நின்றால் ஓ. இதை வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் என்ற டாக்டர் 1901இல் எழுதி வெளியிட்டார். தன் ரத்தத்தையும் கூட வேலை பார்த்தவர்கள் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து, எது எதோடு கலந்தால் திரிகிறது என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். 1930இல் நோபல் பரிசு. அதற்கு முன்னால் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றியதெல்லாம் குருட்டாம்போக்கில்தான். சிலர் பிழைத்தார்கள், சிலர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள்.

ஏன் போய்ச் சேர்ந்தார்கள்? உங்களிடம் எந்தச் சர்க்கரை இல்லையோ, அதைத் தாக்கும் ஆன்டிபாடி உங்கள் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் ஊசி போட்டு அது வருவதில்லை. நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் மேலும் இதே ஜாதிச் சர்க்கரைகள் உண்டு. பிறந்த சில மாதங்களிலேயே உடம்பு அவற்றைப் பார்த்துப் பழகி, ‘இது நம்முடையது இல்லை’ என்று ஆயுதம் செய்து வைத்துக்கொள்கிறது. உங்கள் அக்காவிடம் ஏ-க்கு எதிரான ஆயுதம் இருக்கிறது. உங்களிடம் ஏ, பி இரண்டுக்கும் எதிரானது இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். உங்கள் சிவப்பணு மொட்டை. அக்காவின் உடம்பு அதைத் தாக்காது. பள்ளிக்கூடம் சொன்னது அந்த மட்டில் சரி. ஆனால் சிவப்பணுவோடு சேர்ந்து உங்கள் பிளாஸ்மாவும் போகுமே? அதில் பி-யைத் தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதே? அதனால்தான் முழு ரத்தமாக அப்படியே ஏற்றுவது குறைந்துவிட்டது. பையைச் சுழற்றிப் பிரித்து, சிவப்பணு தனி, பிளாஸ்மா தனி, தட்டணு (பிளேட்லெட்) தனி என்று வைக்கிறோம். பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ்: ஏபி-காரர் பிளாஸ்மாதான் எல்லோருக்கும் ஆகும், ஓ-காரர் பிளாஸ்மா ஓ-வுக்கு மட்டும்.

‘சரி, பிரித்து என் சிவப்பணுவையே கொடுத்திருக்கலாமே’ என்பீர்கள். பி பை இல்லாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்போம். ஓ-காரருக்கு ஓ தவிர வேறு எதுவும் சேராது. பி பை கையில் இருக்கும்போது ஓ-வை எடுத்து பி-க்குக் கொடுத்துவிட்டு, இரவு 2 மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டு ஓர் ஓ-காரர் வந்தால் நான் எதை எடுத்துக் கொடுப்பது? நம் பக்கம் ஓ குரூப்தான் அதிகம், அடுத்தது பி. அதிகம் பேர் என்றால் கேட்டு வருபவர்களும் அதிகம்.

நேரம் இன்னொன்று. உங்கள் கையிலிருந்து வந்ததை அப்படியே ஏற்ற முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா, இந்த ஐந்தையும் சோதிக்காமல் பை வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அதற்குச் சில மணி நேரம் ஆகும். பிரசவ ரத்தப்போக்கு அதுவரை பொறுத்திருக்காது. ஐஸில் கிடந்தது என்று அம்மா சொல்கிற அந்தப் பை, எல்லாம் சோதித்து முடித்துத் தயாராக இருந்ததால்தான் அக்கா தேறினாள்.

கடைசியாக, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கூடப் பிறந்தவன் ரத்தத்தில் தனி ஆபத்து ஒன்று உண்டு. பையில் கொடுத்தவருடைய வெள்ளையணுக்களும் கொஞ்சம் இருக்கும். அந்நியருடையது என்றால் நோயாளியின் உடம்பு கண்டுபிடித்து அழித்துவிடும். நெருங்கிய சொந்தம் என்றால், வெள்ளையணுவின் ஜாடை ஒத்துப்போய், உடம்பு ‘நம்ம ஆள்தான்’ என்று ஏமாந்துவிடலாம். உள்ளே போனது தங்கிப் பெருகித் தோல், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகத் தாக்கும். மிக அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் பிழைப்பதும் அபூர்வம். வேறு வழியே இல்லை, சொந்தக்காரர் ரத்தம்தான் என்றால் பையைக் கதிர்வீச்சில் காட்டி அந்த வெள்ளையணுக்களை முடக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த இயந்திரம் எல்லா ஊரிலும் கிடையாது.

பஸ் வந்துவிட்டது.

தெற்குவாடித் தம்பி | மே 10, காலை 9:30

ரொம்ப நன்றி அக்கா. மொத்தத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டம், சோதனை எல்லாம் ஒத்துக்கொண்டாள். ஜாடை விஷயத்தில்தான் சண்டை. ‘அவள் என்னை மாதிரி, இவன் அப்பன் மாதிரி, இவனுக்கும் அவளுக்கும் ஜாடை எங்கே ஒத்துப்போகிறது’ என்கிறாள்.

வாடைக்காற்று | மே 10, காலை 9:41

நான் கேட்ட பில் விஷயத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

கீழக்கரைக் காக்கா | மே 10, பகல் 12:20

நான் சொல்கிறேன் தம்பி. எனக்கு 61 வயது. 1980களில் என் வாப்பாவுக்கு மதுரையில் ஆபரேஷன். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையை ஒட்டி ரத்தம் விற்கிறவர்கள் நிற்பார்கள். கண் உள்ளே போய், கை நடுங்கி, பார்க்கவே பாவமாக இருக்கும். அவர்களிடம்தான் பேரம் பேசி வாங்கினோம். அது ஒரு ‘பாட்டில்’ என்றுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வோம். நல்லவேளை, வாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ரத்தத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று யார் பார்த்தார்கள்?

1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால்தான் அது ஒழிந்தது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடை. ரத்தத்துக்கு விலை கிடையாது. நீங்கள் பில்லில் பார்ப்பது பை, ஐந்து சோதனை, பிரித்தெடுத்தல், குளிர்பதனம் ஆகியவற்றின் கூலி.

ஆனால் வாடைக்காற்று கோபப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆள் கொண்டுவந்தால்தான் பை’ என்று நெருக்குவது தப்பு. 2002இல் வந்த தேசிய ரத்தக் கொள்கையே தன்னார்வக் கொடையாளர்களை நம்பி நடக்க வேண்டும், இந்த மாற்று ரத்தப் பழக்கம் படிப்படியாகப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறது. வெளியூரிலிருந்து வந்து படுத்திருப்பவன் ஆளுக்கு எங்கே போவான்? யாரையாவது காசு கொடுத்துக் கூட்டி வந்து ‘மச்சான்’ என்பான். முன்வாசலில் மூடிய கடை பின்வாசலில் திறந்துகொள்ளும்.

வாடைக்காற்று | மே 10, பகல் 12:34

காக்கா சொன்னால் சரி. ஆனால் பில்லில் அதை அப்படிப் பிரித்து எழுதலாமே.

கீழக்கரைக் காக்கா | மே 10, பகல் 12:36

எழுதலாம். எழுத வேண்டும்.

தொண்டித் தோணி | மே 10, மாலை 4:05

சோதனைக்குழாய் அக்காவிடம் ஒரு பாவமன்னிப்பு கேட்க வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் மாமனாருக்கு ஒரு சின்ன மருத்துவமனையில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ரத்த வங்கி ராமநாதபுரத்தில். பையை வாங்கி வரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சித்திரை வெயில். மீன்காரன் புத்தி வேறு எப்படி வேலை செய்யும்? தெர்மகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, பையை நடுவில் புதைத்து, மேலேயும் ஐஸ் அள்ளிப் போட்டு, சிங்கி இறால் ஏற்றுமதிக்குக் கட்டுவது மாதிரி கட்டிக் கொண்டுபோனேன். அங்கே இருந்த நர்ஸம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துவிட்டார். பையை ஏற்றவே இல்லை, திரும்பப் போய் வேறு வாங்கி வரச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம்!

சோதனைக்குழாய் | மே 10, இரவு 8:50

அந்த நர்ஸுக்கு மாமனார் ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மீனுக்கும் ரத்தத்துக்கும் இதில்தான் வித்தியாசம். செத்த மீன் ஐஸில் கெட்டியாக உறைந்தால் நல்லது. சிவப்பணு உறைந்தால் வெடித்துவிடும். உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். அதை ஏற்றினால் சிறுநீரகத்துக்குக் கேடு. எடுத்துப்போகும்போது 2 முதல் 10 டிகிரிக்குள் இருந்தால் போதும். ஐஸ் போடலாம், பை ஐஸைத் தொடக் கூடாது. நடுவில் அட்டையோ துணியோ வேண்டும். இதை எங்கள் பக்கமே வாங்க வருபவர்களிடம் சொல்லி, சரியான பெட்டியில் கொடுக்க வேண்டும். கை நிறையச் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் வருகிறவர் என்ன செய்வார்?

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ‘ஜில்லென்று இருக்கிறதே, நோயாளிக்குக் குளிருமே’ என்று வெந்நீரில் போடுவார்கள், வெயிலில் வைப்பார்கள், அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். அதிலும் அணு உடையும். கிருமி இருந்தால் பெருகும். குளிர்பெட்டியை விட்டு வெளியே எடுத்த அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது, வார்டு பிரிட்ஜில் தயிர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம் என்பதெல்லாம் கூடாது.

பாசிக்காரி மகள் | மே 10, இரவு 9:25

அக்கா, எனக்கு இரண்டு சந்தேகம். நான் மண்டபம் பக்கம். அம்மா கடல்பாசி எடுக்கக் கடலில் மூழ்குகிறவர். கல்லூரியில் முகாம் நடந்தபோது நானும் அம்மாவும் ஆசையாகப் போனோம். இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்தி நீலத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார்கள், மிதந்தது, ‘போய்ட்டு வாங்கம்மா’ என்றார்கள். எங்கள் ரத்தம் கெட்ட ரத்தமா என்று அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இரண்டாவது, எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு பிளட் குரூப்பும் கேட்கிறார்கள். இரண்டு பேரும் ஏ பாசிட்டிவ் என்று தெரிந்ததும் தரகர் ‘ஒரே குரூப் ஆகாது’ என்கிறார். உண்மையா?

மூக்கையூர் முரல் | மே 10, இரவு 9:31

மூழ்குகிற அம்மாவின் ரத்தம் மிதந்துவிட்டதே!

சோதனைக்குழாய் | மே 10, இரவு 10:10

முரல், வாயை அடக்கு.

தங்கச்சி, அந்த நீலத் தண்ணீர் மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசல். அடர்த்தியைச் சரியாக அளந்து கலக்கியிருப்பார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் சொட்டு கனத்து மூழ்கிவிடும். குறைந்தால் தயங்கி நிற்கும், மிதக்கும். கெட்ட ரத்தம் என்று அதற்கு அர்த்தமே இல்லை. கொடுக்கிற அளவுக்கு உங்களிடமே இல்லை, எடுத்தால் உங்களுக்குத் தலை சுற்றும் என்று அர்த்தம். உண்மையில் முகாம் நடத்துகிறவர்கள் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி அளவு பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். பாசிக்குப் போகும் பெண்கள் விடியுமுன் ஒரு டீயோடு கடலில் இறங்கினால் மதியம்வரை சோறு கிடையாது. ஏறிய பிறகும் மீனின் நடுத்துண்டு வீட்டு ஆண்களின் தட்டுக்குத்தான் போகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அம்மாவை இந்த வாரமே கூட்டிப் போ. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்க விடாதே, டீ இரும்பை உடம்பில் சேர விடாது.

கல்யாண விஷயம். ஒரே குரூப் என்றால் ஒன்றும் ஆகாது. தரகரிடம் சொல், நம் ஊரில் ஓ-வும் பி-யும் அதிகம்; ஒரே குரூப் கூடாது என்றால் ஏகப்பட்ட கல்யாணம் நின்றுபோகும். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பெண் நெகட்டிவ், மாப்பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவ நேரத்தில் கவனம் வேண்டும். கல்யாணத்துக்கு அதுவும் தடை இல்லை.

ரோச்மாநகர் | மே 11, காலை 7:12

அந்த ‘கவனம்’ எங்கள் வீட்டில் நடந்தது, எழுதுகிறேன். மனைவி ஏ நெகட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். முதல் பையன் பாசிட்டிவ், ஒரு பிரச்சினையும் இல்லை. அதனால் அலட்சியம். இரண்டாவது கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. வேறு ஒரு மருத்துவமனைக்குப் போனபோதுதான் அங்கிருந்த டாக்டரம்மா ‘முதல் பிரசவத்தில் ஊசி போட்டார்களா’ என்று கேட்டார். போடவில்லை. எங்களுக்கு அப்படி ஓர் ஊசி இருப்பதே தெரியாது. நல்ல காலம், சோதனையில் மனைவி உடம்பில் ஆன்டிபாடி இன்னும் உருவாகியிருக்கவில்லை. உடனே போட்டார்கள். அடுத்து பெண் குழந்தை பிறந்து இப்போது நாலு வயது, வீட்டை இரண்டாக்குகிறாள்.

முதல் குழந்தைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சோதனைக்குழாய் | மே 11, மதியம் 2:40

நல்ல கேள்வி. ஏ, பி விஷயத்தில் ஆயுதம் முன்னாலேயே தயாராக இருக்கும் என்று சொன்னேன். ஆர்.ஹெச். விஷயம் அப்படி இல்லை. பாசிட்டிவ் என்றால் சிவப்பணு மேல் டி என்ற புரதம் இருக்கிறது, நெகட்டிவ் என்றால் இல்லை. நம் பக்கம் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் நெகட்டிவ் இருப்பார்கள். நெகட்டிவ்காரருக்கு டி-யைத் தாக்கும் ஆன்டிபாடி தானாக வராது, ஒரு தடவை டி-யைப் பார்த்தால்தான் வரும். முதல் குழந்தை வயிற்றில் இருக்கும்போது இரண்டு ரத்தமும் பெரும்பாலும் கலப்பதில்லை. பிரசவத்தில்தான் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் போகிறது. தாயின் உடம்பு அதைப் பார்த்து ஆயுதம் செய்து முடிப்பதற்குள் முதல் குழந்தை வெளியே வந்து தொட்டிலில் கிடக்கும். அடி விழுவது அடுத்த பாசிட்டிவ் குழந்தைக்கு. ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, சில சமயம் வயிற்றிலேயே இறப்பு.

ஆன்டி-டி ஊசி என்பது அந்த ஆன்டிபாடியையே வெளியிலிருந்து கொஞ்சம் போடுவது. தாய்க்குள் புகுந்த குழந்தையின் அணுக்களை, தாயின் உடம்பு கண்ணில் படுமுன்பே அது துடைத்துவிடும். 28ஆவது வாரத்தில் ஒன்று, பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஒன்று. கரு கலைந்தாலும் போட வேண்டும். தாய் ஏற்கெனவே ஆயுதம் செய்து முடித்துவிட்டால் ஊசியால் பயன் இல்லை. உங்கள் வீட்டில் தப்பித்தது நிஜமாகவே நல்ல காலம்தான்.

கீழக்கரைக் காக்கா | மே 11, மாலை 5:15

இந்த ஊசி மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? மனிதர்கள் கொடுக்கும் பிளாஸ்மாவிலிருந்துதான். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர். அவர் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி ஏராளம். 14 வயதில் பெரிய ஆபரேஷன், நிறைய ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கடனுக்காக 18 வயதில் கொடுக்க ஆரம்பித்து 81 வயதுவரை 1,173 தடவை கொடுத்திருக்கிறார். 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவியது என்று அந்த நாட்டு ரத்த சேவையே கணக்கு சொல்கிறது. 2025இல்தான் காலமானார். ஊசிக்குத்தைப் பார்க்கப் பயந்து ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். நானும் அப்படித்தான், ஆனால் என் கணக்கு 38 தான்.

மூக்கையூர் முரல் | மே 11, மாலை 6:02

ஒரு நிஜமான சந்தேகம், கிண்டல் இல்லை. எனக்குத் தெரிந்த வீட்டில் அப்பா ஏபி, மகன் ஓ. ஏபி-காரருக்கு ஓ பிள்ளை பிறக்காது என்று யாரோ நெட்டில் படித்துவிட்டு வந்து அந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை.

சோதனைக்குழாய் | மே 11, இரவு 7:20

அந்த ‘யாரோ’வைப் பிடித்து உப்பளத்தில் வெயிலில் நிறுத்த வேண்டும். ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்காது என்பது பொதுவான விதி, பாடப்புத்தகத்தில் சரிதான். ஆனால் அதை வைத்து ஒரு பெண்ணைச் சந்தேகப்படும் முன் அப்பாவும் பிள்ளையும் குரூப்பைத் திரும்பப் பார்த்தார்களா? பள்ளி அடையாள அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் இருக்கும் குரூப்பில் எத்தனை தப்பு என்று எனக்குத் தெரியும். வாரம் ஒருவராவது ‘நான் பி’ என்று வந்து ‘ஓ’ ஆகத் திரும்பிப் போகிறார். அதனால்தான் யார் எந்த அட்டையை நீட்டினாலும் நாங்கள் நம்புவதில்லை.

அப்புறம், விதிக்கு விலக்கும் உண்டு. அடிச் சங்கிலி எல்லோருக்கும் ஒன்றே என்று முதலில் எழுதினேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. அந்த அடிச் சங்கிலியே முழுமையாக இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டுபிடித்தது, பேரே பாம்பே குரூப். மேலோட்டமாகச் சோதித்தால் ஓ என்றுதான் காட்டும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. இன்னொரு பாம்பே குரூப்காரர் மட்டுமே அவருக்குக் கொடுக்க முடியும். ஓ என்று காட்டினாலும் இப்படிப்பட்டவருக்குள் அப்பாவிடமிருந்து வந்த ஏ-யோ பி-யோ மறைந்து கிடக்கலாம், பிள்ளைக்கும் போகலாம். அந்த வீட்டில் முதலில் அடுப்பை மூட்டச் சொல். குரூப்பை மறுபடி பார்ப்பது அப்புறம்.

வாடைக்காற்று | மே 11, இரவு 7:48

அக்கா, இவ்வளவு சோதித்தும் தப்பு நடக்குமா?

சோதனைக்குழாய் | மே 11, இரவு 8:30

நடக்கும். ஆய்வகத்தைவிட அதிகமாக நோயாளியின் கட்டிலருகில்தான் நடக்கும். ஒரே வார்டில் இரண்டு முனியசாமி படுத்திருப்பார்கள், நம் மாவட்டத்தில் அது அதிசயமா? ஒருவர் ரத்தமாதிரியை எடுத்து இன்னொருவர் பேரை ஒட்டினால் போதும், கிராஸ் மேட்ச் பொருந்தும், ஆள் பொருந்த மாட்டார். அதனால் நர்ஸ் வந்து பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த ஊர் என்று மூன்றாவது தடவை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் மாட்டினால்தான் சண்டை போட வேண்டும். முதல் கால் மணி நேரம் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், பக்கத்திலேயே இருந்து பாருங்கள். நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், சிறுநீர் கறுத்து வருவது, நெஞ்சில் படபடப்பு என்று எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள். குழாயை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம்.

தெற்குவாடித் தம்பி | மே 12, காலை 8:00

எங்கள் சங்கத்தில் பேசினேன். தடைக்காலம் முடிகிற அன்று, ஜூன் 14, பாம்பனில் முகாம் வைக்கலாம் என்று எல்லோருக்கும் ஆசை. அன்றுதான் உலக ரத்தக் கொடையாளர் தினமாம், லேண்ட்ஸ்டெய்னர் பிறந்த நாளாம். தேதி இப்படி ஒத்துப்போகிறதே என்று தலைவருக்கு ஒரே சந்தோஷம். 150 பேர் நிச்சயம்.

சோதனைக்குழாய் | மே 12, காலை 8:45

தேதி ஒத்துப்போகிறது தம்பி, காரியம் ஒத்துப்போகாது. 14 நள்ளிரவோடு தடை முடிந்தால் டோக்கன் வாங்கிக்கொண்டு விடியுமுன் கடலில் இறங்குவீர்கள். காலையில் 350 மில்லி கொடுத்தவன் இரவில் வலை இழுத்துத் தலைசுற்றி விழுந்தால் நடுக்கடலில் யார் தாங்குவது? கொடுத்த அன்று பாரம் தூக்கக் கூடாது.

அது போக, 150 பையை ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டினால் நான் எங்கே வைப்பேன்? சிவப்பணு தாங்குவது பையில் இருக்கும் கரைசலைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோதான். தட்டணு ஐந்தே நாள், அதையும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிளாஸ்மா மட்டும்தான் உறைய வைத்தால் ஒரு வருஷம். மொத்தமும் ஒரே நாளில் வந்தால் ஜூலைக் கடைசியில் தேதி முடிந்த பையைக் கணக்கெழுதி அழித்துக்கொண்டிருப்பேன், ஆகஸ்டில் மறுபடி வாட்ஸ்அப்பில் ‘அவசரம், ஓ பாசிட்டிவ்’ ஓடும்.

மே 24 ஒரு 50 பேர், ஜூன் 6 இன்னொரு 50 பேர். மீதி 50 பேர் பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள், காற்றடித்துக் கடலுக்குப் போகாத நாளில் நான் கூப்பிடுகிறேன். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு தடவை கொடுக்கலாம். 18 வயது முடிந்து 45 கிலோ இருக்க வேண்டும். மலேரியா வந்து குணமாகி மூன்று மாதம் ஆகாதவர்களும், பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாதவர்களும் அடுத்த தடவை வரட்டும். வெறும் வயிற்றோடு யாரும் வர வேண்டாம். தம்பி, நீ இந்த இரண்டு முகாமுக்கும் வேலை செய்ய மட்டும் வா. இந்த மாதம்தானே கொடுத்தாய்?

தெற்குவாடித் தம்பி | மே 12, மாலை 6:30

தலைவர் ஒத்துக்கொண்டார். மே 24, ஜூன் 6.

இன்னொன்று அக்கா. அம்மா கேட்கச் சொல்கிறாள். அந்த இரண்டு பி பாசிட்டிவ் பை கொடுத்தது யார் யார் என்று சொல்ல முடியுமா? நாட்டுப்படகு இறால் ஆளுக்கு ஒரு கிலோ கொடுத்துவிட வேண்டுமாம்.

சோதனைக்குழாய் | மே 12, இரவு 7:05

சொல்லக் கூடாது தம்பி. பையில் எண் மட்டும்தான் இருக்கும், பேர் இருக்காது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லு.

மூக்கையூர் முரல் | மே 12, இரவு 7:09

நான் ஓ பாசிட்டிவ் என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பி பாசிட்டிவ். இறாலை எங்கே வந்து வாங்கிக்கொள்வது?

சோதனைக்குழாய் | மே 12, இரவு 7:11

மே 24, பாம்பன். அட்டையைக் காட்டினால் நம்ப மாட்டேன், விரலை நீட்டு.